அப்பா அம்மாவுக்கும் மே மாதம் உண்டு

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பெற்றோரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "லீவுக்குப் பிள்ளையை எதில் சேர்த்திருக்கிறீர்கள்?" என்பதுதான். அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, கீபோர்டு, ஸ்கேட்டிங், ரோபோட்டிக்ஸ் என்று தெருமுனைத் தட்டிகள் அதற்கு விடைகளை எழுதி வைத்திருக்கின்றன. எதிலும் சேர்க்கவில்லை என்றால் அடுத்த கேள்வி வருகிறது: "அப்போ, எங்கே கூட்டிக்கொண்டு போகிறீர்கள்?" இந்த மே மாதத்தில் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள், உங்களுக்குப் பிடித்த காரியம் எது, அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கோடை விடுமுறை முழுக்கப் பிள்ளைகளுடையது, அதை நிரப்பித் தருவது பெற்றோரின் கடமை, அந்த நாட்களில் பெரியவர்கள் தமக்காக எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு மணி நேரமும் பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுத்தது என்ற எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஊறிக் கிடக்கிறது. பிற்பகலில் ஒரு தாய் எம்ப்ராய்டரி வளையத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், "புள்ளைங்க வீட்ல இருக்கிற நேரத்துல இது தேவையா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கேரம் ஆடக் கிளம்பும் தந்தைக்குப் பொறுப்பில்லாதவர் என்ற பெயர் கிடைக்கிறது. அக்கறையின் பெயரால் சொல்லப்படும் இந்த எண்ணம் பிள்ளைகளுக்கே நல்லதில்லை என்பது என் வாதம். பெற்றோருக்குச் சொந்தமாக ஒரு பொழுதுபோக்கு இருப்பதும், அதைப் பிள்ளைகளின் கண்ணெதிரே அவர்கள் விரும்பிச் செய்வதும், ஒரு குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய நல்ல கோடையின் முக்கியமான பகுதி.

முதலில், நிரப்பித் தரச் சொல்கிறோமே, அந்த நேரம் யாரிடம் இருக்கிறது என்று பார்ப்போம். நம் பள்ளிகளின் கோடை விடுமுறை ஏறத்தாழ ஐந்தாறு வாரம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு தொழிலாளிக்கு வகுத்த கணக்கு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தவருக்கும் அது 15 நாள்தான். அந்தப் பதினைந்திலும் காது குத்து, கல்யாணம், காய்ச்சல் எல்லாம் கழித்து மிஞ்சுவதை அவர் மே மாதத்துக்கென்று சேர்த்து வைக்கிறார். வார விடுமுறை போக, ஓராண்டு முழுவதும் அவருக்குக் கிடைக்கும் ஓய்வு ஏறத்தாழ அவ்வளவுதான். அதையும் கடமை என்ற பெயரில் வாங்கிக்கொண்டால் அவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. தாயின் நிலைமை இதைவிடக் கடினம். மத்திய அரசு 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடத்தை அதில் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். இது ஆண்டு முழுவதற்குமான சராசரி. மே மாதத்து அடுக்களை இதற்கும் மேலே நேரம் கேட்கிறது. பள்ளி நாட்களில் காலையில் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்தால் மாலை வரை அடுப்பு ஓயும். விடுமுறையில் பதினொரு மணிக்கு மோர், ஒரு மணிக்குச் சாப்பாடு, நாலு மணிக்குப் பலகாரம் என்று அது ஓயாது. ஊரிலிருந்து நாத்தனார் குடும்பம் வரும். கத்திரி வெயிலை வீணாக்கக் கூடாதென்று வடகமும் வற்றலும் மாடியேறும். இத்தனைக்கும் மேலே, பிள்ளைகளைச் சலிப்பில்லாமல் வைத்திருப்பதும் உன் வேலை என்று அவளிடம் சொல்கிறோம். ஓய்வும் ஓய்வு நேரமும் எல்லோருக்கும் உரிமை என்று 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனம் தன் 24-ஆவது பிரிவில் சொல்கிறது. அதே உரிமையைக் குழந்தைகளுக்கென்று தனியே எடுத்துச் சொல்கிறது 1989-இன் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு. குழந்தைக்கு உறுதிசெய்ததால் பெற்றோருக்கு அது ரத்தாகிவிட்டது என்று எந்த ஆவணத்திலும் எழுதியிருக்கவில்லை.

உரிமை இருக்கட்டும், பிள்ளைக்கு எது நல்லது என்பதல்லவா கேள்வி என்பார்கள். சரி, அதையே எடுத்துக்கொள்வோம். அதிக நேரம் கொடுத்தால் அதிக நன்மை என்ற கணக்கு உண்மையா? அமெரிக்காவில் எல்லன் கலின்ஸ்கி என்ற ஆய்வாளர் மூன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டு, 1999-இல் அதை நூலாக வெளியிட்டார். உன் அம்மாவின், அப்பாவின் வேலை உன் வாழ்க்கையைப் பாதிக்கும் விதத்தில் ஒரே ஒரு மாற்றம் கேட்கலாம் என்றால் எதைக் கேட்பாய் என்பது கேள்வி. பெற்றோரிடமும், உங்கள் பிள்ளை எதைக் கேட்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பெற்றோரில் பாதிக்கும் மேற்பட்டோர், எங்களோடு இன்னும் அதிக நேரம் வேண்டும் என்று கேட்பார்கள் என்றார்கள். அம்மாவின் நேரம் அதிகம் வேண்டும் என்று கேட்ட பிள்ளைகள் பத்தில் ஒருவர் அளவுதான். மூன்றில் ஒரு பங்கினர் கேட்டது, அம்மா இவ்வளவு களைத்துப்போகாமல், இவ்வளவு பதற்றமில்லாமல் இருக்க வேண்டும் என்பது. 2015-இல் மெலிசா மில்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதை வேறு பக்கத்திலிருந்து தொட்டது. 3 முதல் 11 வயது வரையான பிள்ளைகளின் நடத்தை, மனநிலை, படிப்பு எதற்கும் தாய் அவர்களோடு செலவிட்ட மணிகளின் எண்ணிக்கைக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. தாயின் கல்வி, குடும்பத்தின் வருமானம் போன்ற சமூக நிலைக் காரணிகளே பிள்ளையின் நலனோடு பிணைந்திருந்தன. இவை அமெரிக்கக் குடும்பங்கள் என்பது உண்மை. நம் கூட்டுக் குடும்பச் சூழலுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோரோடு கலந்து பழகும் நேரம் பயன்தந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அந்த நேரமும் சேர்ந்து உண்பது, பேசுவது, ஒன்றாக எதையாவது செய்வது என்ற வகையைச் சேர்ந்தது. ஸ்கேட்டிங் வகுப்பு முடியும்வரை வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருப்பது அந்தக் கணக்கில் வராது. எரிச்சலோடு கொடுக்கும் பத்து மணி நேரத்தையும் மனம் ஒப்பிக் கொடுக்கும் இரண்டு மணி நேரத்தையும் பிள்ளைகள் பிரித்தறிகிறார்கள் என்பதைத்தான் இந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் முக்கியமான ஒன்று உண்டு. குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதிலேயே கோடை வகுப்புக் கருத்து வழி தவறுகிறது. கற்றுக்கொள்ள வேண்டுமானால் குழந்தையை நடுவில் உட்காரவைத்து, அதற்காகவே ஒரு பாடத்தை அமைத்து, யாராவது சொல்லித்தர வேண்டும் என்று அது எண்ணுகிறது. பார்பரா ரொகோஃப் என்ற உளவியலாளர் குவாத்தமாலாவின் மாயா மக்களிடையே பல பத்தாண்டுகள் செய்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. பெரியவர்கள் தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கவனித்து, மெல்லக் கைகொடுத்து, அந்தக் காரியத்துக்குள் நுழைகிறார்கள். தனக்கென்று சொல்லித்தராத ஒன்றையும் அந்தக் குழந்தைகள் கூர்ந்து பார்த்து நினைவில் வைத்திருந்தார்கள். நெசவாளர் வீட்டிலும் நாதஸ்வரக்காரர் வீட்டிலும் தச்சர் வீட்டிலும் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. ஆனால் அலுவலகத்திலும் ஆலையிலும் வேலை பார்க்கும் பெற்றோரின் வேலை பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்பா எங்கேயோ போகிறார், களைத்து வருகிறார் என்பது மட்டும் தெரிகிறது. ஒரு பெரியவர் மனம் விரும்பி ஒன்றில் மூழ்குவதையும், தவறிப்போனால் பிரித்து மறுபடி தைப்பதையும், ஒரு பலகையை மூன்றாம் முறை இழைப்பதையும் பிள்ளை பார்ப்பதற்கு இன்று மிஞ்சியிருப்பது பொழுதுபோக்கு ஒன்றுதான். அதையும் பிள்ளைகளுக்காக என்று சொல்லிக் கைவிட்டால், பிள்ளைக்குப் பார்க்கக் கிடைப்பது தன்னைச் சுற்றியே அலையும் இரண்டு பேர் மட்டுமே.

விசுவநாதன் ஆனந்த் ஆறு வயதில் சதுரங்கம் கற்றது தாய் சுசீலாவிடம். அவர் அந்த ஆட்டத்தில் தாமே பற்றுக்கொண்டிருந்தவர். குடும்பம் மணிலாவில் இருந்தபோது, மகன் பள்ளியில் இருக்கும் நேரத்தில் தொலைக்காட்சியில் வரும் சதுரங்க நிகழ்ச்சியைப் பார்த்து, அதன் புதிர்களைக் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து தீர்ப்பார்கள். மகனைச் சாம்பியனாக்கும் வகுப்பு ஒன்றைத் தேடி அந்தத் தாய் தொடங்கவில்லை. தமக்குப் பிடித்த ஆட்டத்தில் மகனுக்கும் ஓர் இடம் கொடுத்தார். அ. மாதவையாவையும் சொல்ல வேண்டும். உப்பு, ஆப்காரி இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே 'பத்மாவதி சரித்திரம்' நாவலை எழுதியவர். பிள்ளைகள் நிறைந்த வீட்டில், வேலைக்குப் போய் வந்த நேரம் போக மிச்சத்தில் எழுதினார். அவருடைய மகன் மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைப் பற்றி வாழ்நாள் முழுவதும் எழுதியும் படமெடுத்தும் வந்தார். இன்னொரு மகன் மா. அனந்தநாராயணன் நீதிபதியாக இருந்துகொண்டே நாவல் எழுதினார். இவர்களைச் சான்றாகக் காட்டும்போது எழக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும்: சதுரங்கம் ஆடிய எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகள் ஆனந்த் ஆகவில்லையே. ஆகத்தான் இல்லை, ஆகவும் வேண்டியதில்லை. பெற்றோரின் பொழுதுபோக்கு சாம்பியன்களை உண்டாக்கும் என்பது என் வாதமாக இருந்தால், கோடை வகுப்புத் தட்டிகள் சொல்வதையே நானும் சொல்கிறேன் என்றாகிவிடும். பெரியவர் தமக்காக நேரம் எடுத்துக்கொண்ட அந்த வீடுகளில் பிள்ளைகளுக்கு எதுவும் குறைந்துவிடவில்லை என்பதற்கு மட்டுமே இவர்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன். எம்ப்ராய்டரி போடும் தாயின் மகள் ஊசி பிடிக்காமலே வளரலாம். ஒரு காரியத்தில் மனம் லயிப்பது எப்படி இருக்கும் என்பதை அவள் கண்ணால் பார்த்திருப்பாள்.

குடும்பச் சுற்றுலா இந்தக் கருத்தால் எப்படிக் கெட்டுப்போயிற்று என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கோடையில் திரண்ட வண்டிகளைக் கட்டுப்படுத்த 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மறு ஆண்டு அதுவும் போதாமல், கோடைப் பருவத்தில் நீலகிரிக்கு வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000 வண்டிகள், கொடைக்கானலுக்கு 4000, 6000 என்று எண்ணிக்கைக்கே வரம்பு கட்டியது. மலை தாங்கவில்லை என்பதால் வந்த வரம்பு இது. வெயிலுக்குப் பயந்து மலையேறுவது இயல்புதான். அந்தக் கூட்டத்தில் மலையை விரும்பிப் போகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் பள்ளி திறந்ததும் "லீவுக்கு எங்கே போனாய்?" என்று கேட்டால் பிள்ளை சொல்வதற்கு ஒரு ஊர் வேண்டுமே என்பதற்காகக் கடன் வாங்கிப் போகும் குடும்பங்களும் ஏராளம். அந்தப் பயணத்தில் தாய் விடியற்காலை எழுந்து புளிசாதமும் தயிர்சாதமும் கட்டுகிறாள். ஊர் மாறினாலும் அவளுடைய வேலை மாறுவதில்லை. தந்தை கொண்டை ஊசி வளைவுகளில் நெரிசலில் ஓட்டிவிட்டு, மலர்க் கண்காட்சி வரிசையில் நின்று, அறை வாடகையைக் கேட்டு முகம் சுருங்கி, மூன்றாம் நாள் திரும்புகிறார். பிள்ளைகள் பின் இருக்கையில் வாந்தி எடுத்துத் தூங்குகிறார்கள். இதில் யாருடைய விருப்பம் நிறைவேறியது?

பெரியவரின் விருப்பத்திலிருந்து தொடங்கும் பயணம் வேறு மாதிரி இருக்கும். ரயில் மேல் ஆசையுள்ள ஒரு தந்தை அதே மலைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ரயிலில் கிளம்பலாம். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் வந்த பாதை அது, 46 கிலோமீட்டர், 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் பன்னிரண்டடிக்கு ஓரடி என்ற அளவுக்குச் செங்குத்தாவதால், தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை பதித்திருக்கிறார்கள். இஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. அவ்வளவு மெதுவாக ஊர்ந்து போய் என்ன பயன் என்று அலுத்துக்கொள்ளும் பிள்ளையும், தன் அப்பா ஸ்டேஷனில் இறங்கிக் குனிந்து அந்தப் பற்களைக் காட்டுகிறபோது உடன் குனியும். அப்பாவின் முகத்தில் அந்த மலர்ச்சியை அது வீட்டில் பார்த்திருக்காது. கோபுரச் சிற்பங்களில் ஈடுபாடுள்ள தாய்க்கு ஊட்டியே வேண்டியதில்லை. பக்கத்து ஊர்க் கோயில் போதும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வருகிற குடும்பங்கள் பிள்ளைகளுக்கென்று ஏற்பாடு செய்த நிகழ்ச்சிக்கு வரவில்லை. பெரியவர்கள் தங்கள் பக்திக்கும் மகிழ்ச்சிக்கும் வருகிறார்கள், பிள்ளைகள் தோளில் ஏறிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பிள்ளைகள் அந்த விழாவை மறப்பதில்லை.

இனி எதிர்வாதங்கள். பொழுதுபோக்கு என்று அனுமதித்தால் பெற்றோர் செல்போனில்தானே மூழ்குவார்கள் என்பது ஒன்று. இந்த அச்சம் நியாயமானது. செல்போனை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. காரணம் ஒழுக்கம் பற்றியதல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அதற்குள் நுழைய வழி இல்லை. தறியில், தோட்டத்தில், சமையலில், ஆர்மோனியத்தில், தாயக்கட்டத்தில் குழந்தை கை நீட்டலாம், கேள்வி கேட்கலாம், குழப்பிவிடலாம். நகர்ந்துகொண்டே இருக்கும் திரையைப் பார்க்கும் பெற்றோரின் முதுகை மட்டுமே அது பார்க்கிறது. அடுத்தது, வகுப்புகளே வேண்டாமா என்ற கேள்வி. நீச்சலை நிச்சயம் கற்றுத்தர வேண்டும். கிணற்றிலும் குளத்திலும் கல்குவாரிக் குட்டையிலும் ஒவ்வொரு கோடையும் பிள்ளைகளை இழக்கிற மாநிலம் இது. பிள்ளை தானே கேட்டு ஆசைப்படுகிற ஒரு வகுப்பிலும் தவறில்லை. ஒரு நாளின் எல்லா மணிகளும் யாரோ ஒருவரின் மேற்பார்வையில் கழிய வேண்டும் என்பதைத்தான் மறுக்கிறேன். சலிப்பு வந்தால் வரட்டும். "போரடிக்குது" என்று இரண்டு நாள் வீட்டைச் சுற்றிய பிள்ளை மூன்றாம் நாள் நுங்குக் குடுக்கையில் வண்டி செய்யும்; தெருப் பிள்ளைகளைக் கூட்டி ஏழாங்கல் ஆடும்.

மிகவும் கனமான மறுப்பு, இதெல்லாம் வசதியுள்ளவர்களின் பேச்சு என்பது. கட்டட வேலைக்குப் போகிற தாய்க்கு எம்ப்ராய்டரி எங்கே, விடுப்பு எங்கே? ஒரு நாள் போகவில்லை என்றால் அன்று கூலி இல்லை. இதற்கு நான் தலைவணங்கித்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை முறிக்கவில்லை, அதை இன்னும் அவசரமாக்குகிறது. நல்ல பெற்றோர் என்றால் கோடையை வாங்கித் தருகிறவர் என்று வகுத்த கருத்து யாரை அதிகம் காயப்படுத்துகிறது? கீபோர்டு வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத, ஊட்டிக்குப் போக முடியாத அந்தத் தாயைத்தான். மாலையில் திண்ணையில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுவதும், நாட்டுப்புறக் கதை சொல்வதும், பூக் கட்டிக்கொண்டே பாடுவதும் பிள்ளைக்குக் கொடுப்பதாகவே அவளுடைய கணக்கில் ஏறுவதில்லை. அவளிடம் இருப்பதையே இல்லாததாக்கிவிட்டது இந்தக் கருத்து. அவளுக்கு வேண்டியது சம்பளத்தோடு விடுப்பும், நடந்து போகும் தூரத்தில் நிழலுள்ள பூங்காவும், இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும் நூலகமும். சென்னையில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதியோடு திறக்கப்பட்டன. அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளை ஒரு பக்கம் படக்கதை புரட்ட, தாய் தனக்குப் பிடித்ததை எடுத்து வாசிக்கலாம். ஆனால் அவை இரண்டு பெருநகரங்களில்தான் இருக்கின்றன. ஊர்ப்புற நூலகங்களைக் கோடை மாலைகளில் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்பதற்குச் செலவிடும் குரல், கோடை வகுப்புக் கட்டணத்தில் தள்ளுபடி கேட்பதற்குச் செலவிடும் குரலைவிடப் பெரிய பயன் தரும்.

பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்து போய்விடுவார்கள், அதுவரை பெற்றோர் தம் ஆசைகளைத் தள்ளிப்போட்டால் என்ன என்று கடைசியாகக் கேட்பார்கள். தள்ளிப்போடுகிறவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் அது தாய்தான். வீட்டு வேலைக் கணக்கில் 289 நிமிடத்துக்கும் 88 நிமிடத்துக்கும் உள்ள தூரம் மே மாதத்தில் குறைவதில்லை. திருமணத்துக்கு முன்பு வீணை வாசித்தவள், கோலப் புத்தகம் சேர்த்தவள், மாவட்ட அளவில் கபடி ஆடியவள் என்று ஒவ்வொரு தெருவிலும் ஒருத்தி இருக்கிறாள். தன் தாய் ஒரு கோடையில்கூடத் தனக்காக உட்கார்ந்ததைப் பார்க்காமல் வளரும் மகள், தாய்மை என்றால் இதுதான் என்று மனத்தில் எழுதிக்கொள்கிறாள். மகனும் அதையே எழுதிக்கொண்டு இன்னொரு வீட்டுப் பெண்ணிடம் எதிர்பார்க்கிறான். ஆகவே அடுத்த மே மாதத் திட்டத்தைக் குடும்பம் கூடிப் போடும்போது, பிள்ளைகளின் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயரையும் எழுதுங்கள். செவ்வாயும் வெள்ளியும் மாலை அடுக்களையை அப்பா பார்த்துக்கொள்ளட்டும், பத்து வயது ஆன பிள்ளை வெங்காயம் உரிக்கட்டும். அந்த இரண்டு மாலைகளில் அவள் வீணையின் உறையைக் கழற்றிச் சுருதி சேர்க்கட்டும். பக்கத்தில் வந்து உட்காரத் தோன்றுகிற பிள்ளை வந்து உட்காரும்.